சோடியத்துக்குக் கொடுத்த லட்டு

மேனேஜர் சுதர்சனம் பத்தடி நடந்தாலும் தனியாக நடக்கமாட்டார். கோப்பு தூக்க ஜெஸ்டின், குடை பிடிக்க ஒருவன், சொன்னதற்கெல்லாம் தலையாட்ட இரண்டு சூப்பர்வைசர்கள். அப்பேர்ப்பட்டவருக்கே இந்தச் சின்ன விஷயம் புரியவில்லையே என்றுதான் மாலினிக்கு எரிச்சல்.

உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அதில் மெக்னீசியம் கொட்டிக் கிடக்கிறது. நுண்ணிய சவ்வு வழியாக அதைப் பிரிக்கத் தூத்துக்குடியில் ஆலை வைத்தவர் காயல்பட்டினத்து அஃப்ஸல் முதலாளி. திட்டம் மட்டும் சுதர்சனத்தின் மூளையில் உதித்தது. மெக்னீசியம் அயனி சோடியத்தைவிடச் சிறியது. சிறியது சவ்வில் நுழைந்து அந்தப் பக்கம் போகும், பெரியது இந்தப் பக்கம் நிற்கும். பள்ளிக்கூட வேதியியல் அட்டவணையைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாகக் காண்ட்ராக்டில் இருக்கும் மாலினி, அட்டவணை தண்ணீரில் நனையாத கணக்கு என்றாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் மெக்னீசியம் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி இன்னும் கொஞ்சத்தையும் இழுத்துக்கொண்டுதான் நகரும். அந்தப் பரிவாரத்தோடு இடுக்கில் நுழைய முடியாது. சோடியத்தின் பிடி தளர்வானது. கொஞ்சத்தை உதறிவிட்டு உள்ளே போய்விடும்.

யார் கேட்டார்கள்? அந்தப் பக்கத் தொட்டியில் மின்கடத்தல் மீட்டர் ஏறியதுமே மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எந்த உப்பு கரைந்திருந்தாலும் மீட்டர் ஏறும். மாலினி டைட்ரேஷன் செய்து மெக்னீசியம் எவ்வளவு என்று பார்த்தாள். மெக்னீசியம் பெயருக்குத்தான் இருந்தது. வந்திருந்தது சோடியம். அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

"இதை மாத்தி எழுதிட்டு வா. உன் நிரந்தர ஆர்டர்ல அப்பவே கையெழுத்துப் போடுறேன்" என்றார் சுதர்சனம்.

அவள் மாற்றவில்லை. காண்ட்ராக்ட் மாதக் கடைசியோடு முடிகிறது. ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

முதலாளி பார்க்க வந்த அன்று அந்தப் பக்கத் தொட்டியில் 'மெக்னீசியம்' என்று போர்டு, மாலை வேறு. உப்பளத்து ஆட்களுக்கு எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. உப்பு வாரும் சந்தனச்செல்வி, யாரும் கேட்காமலே விரலை விட்டு நக்கினாள்.

"கசக்கலயே மொதலாளி. இது வெறும் உப்புத்தண்ணில்லா."

அஃப்ஸலும் நக்கினார். உப்பு. இந்தப் பக்கத் தொட்டியை நக்கினார். முகம் கோணிவிட்டது.

சுதர்சனம் அசரவில்லை. உப்பை வெளியே தள்ளிவிட்டு மெக்னீசியத்தை இந்தப் பக்கமே நிறுத்துவதுதான் தன் கண்டுபிடிப்பு என்றார். ஜெஸ்டின் ஓடிப்போய்ப் போர்டை மாற்றினான். மாலையும் இடம் மாறியது.

சிறியது ஏன் நின்றுபோனது என்று முதலாளி கேட்டார். மேனேஜர் செருமினார். நான் சொன்னதை நீயே விளக்கிச் சொல் என்று மாலினி பக்கம் கையைக் காட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"விளக்கம் சொல்லுதது நிரந்தர ஆட்கள் வேலை ஸார். நான் காண்ட்ராக்ட். மாசக் கடைசியில போயிருவேன். நீங்களே சொல்லிருங்க."

மேனேஜர் ஜெஸ்டினைப் பார்த்தார். ஜெஸ்டின் சூப்பர்வைசர்களைப் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் மாலினியின் நிரந்தர ஆர்டர் வந்தது. தொட்டி விளிம்பில் வைத்தே சுதர்சனம் கையெழுத்துப் போட்டார். மாலினி அதை இரண்டு தடவை படித்தாள்.

"தேதி போடலயே ஸார்" என்று திருப்பி நீட்டினாள்.