பேனாட் தீவின் வளர்ச்சி

மடு மாதா சாட்சியாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

குளிர்நாட்டு ஊரான லாசாலில் பேனாட் குடியிருக்கும் கட்டடத்தின் பின்பக்கம், கார்கள் நிறுத்துகிற வெளியில், குளிர்காலம் முழுக்க வழித்துக் குவித்த பனி ஒரே காலையில் உருகி ஏரியாகிவிட்டது. அன்றுதான் மகள் றொஷினியின் கல்யாணம். அவளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டிய தகப்பன், கோட்டும் சூட்டுமாக இறங்கி, விருந்துக்கான மீன் ரோல்ஸ் பெட்டிகளைக் காரில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தால் சுற்றிவரத் தண்ணீர். கார் நின்ற மேடு மட்டும் மிச்சம். தண்ணீரின் குளிரும் லேசுப்பட்டதல்ல, காலை நனைத்த கடற்புறா ஒன்று உறைந்துபோன அந்தக் காலை அங்கேயே விட்டுவிட்டுப் பறந்துபோனது.

“இஞ்சேருங்கோ, அங்க என்ன செய்யிறியள்?” என்று பல்கனியிலிருந்து மனைவி அல்போன்சம்மா கத்தினாள்.

“தீவில நிக்கிறன்!”

“நெடுந்தீவை விட்டு வந்தும் தீவுப் புத்தி போகேல்லை! நாங்கள் முன்வாசலால போறம். கெதியா வாங்கோ!”

மேல்மாடியில் குடியிருந்து பொருளாதாரம் படிக்கும் சென்னைப் பையன் ராகவ், ரப்பர் படகோடு வந்தான். தீவு பார்க்கவென்று மூன்று பேரைக் காசுக்கு ஏற்றிவந்தான்.

“தம்பி, என்னை ஏத்து. மகளின்ர கலியாணம்.”

“ஸாரி அங்கிள், இவங்க ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருக்காங்க. அடுத்த ட்ரிப்ல கண்டிப்பா.”

ஓர் இடம் கிடைக்கும் என்ற நப்பாசையில் பேனாட் எல்லோருக்கும் ரோல்ஸ் கொடுத்தார். ருசி ஊரெல்லாம் பரவிவிட்டது. டவுன்டவுனில் இருந்து பஸ்கள் வந்தன. துறைமுகத்துக்குப் போன உல்லாசக் கப்பல் ஒன்று வழிமாறி வந்து, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டது. ரோல்ஸ் தீர்ந்ததும் அக்கரையிலிருந்து இறக்குமதி செய்து, பேனாட்டின் கார் டிக்கியிலேயே கடை வைத்தான் ராகவ். பசியில் அவர் ஒன்றை எடுக்க, அவன் மரியாதையாக வாங்கித் திரும்ப வைத்தான்.

“விசிட்டர்ஸுக்கே பத்தல அங்கிள். வியாபாரமும் டூரிஸமும் சேர்ந்தா சின்னத் தீவு எப்படி வளருது பாத்தீங்களா? உலகத்துலயே நம்பர் ஒன் வளர்ச்சி!”

“வளர்ந்தது ஆர், தம்பி?”

“தீவு.”

“அப்ப நான்?”

“நீங்க உள்ளூர் மக்கள். கார் பக்கத்துல நின்னு கையசைங்க. அதப் பாக்கத்தானே வர்றாங்க.”

பேனாட் கையசைத்தார். காப்பாற்றச் சொல்லி அசைத்தாலும் கை அப்படித்தான் அசைகிறது. எல்லோரும் படம் எடுத்தார்கள்.

கோயில் மணி கேட்டது. கொஞ்ச நேரத்தில் படகில் வெள்ளைச் சேலையும் முக்காடுமாக றொஷினி வந்தாள், பக்கத்தில் மாப்பிள்ளை.

“பெரியப்பா கூட்டிக்கொண்டு போனவர், அப்பா. எல்லாம் வடிவா முடிஞ்சுது. இப்ப கலியாணப் படம் எண்டால் ஆக்கள் இஞ்சதான் எடுக்கினம். கொஞ்சம் சிரியுங்கோ.”

“பிள்ளை, படகில ஒரு இடம்...”

“மாமியவையும் வந்திருக்கினம், அப்பா. பேந்து பாப்பம்.” அவருடைய டையை நேராக்கிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பேனாட் கையசைத்தார். படகிலிருந்த எல்லோரும் திருப்பிக் கையசைத்தார்கள்.

றொஷினியின் கல்யாணம் ஓகஸ்ட் மாதத்தில், பொட்டுப் பனியும் இல்லாத கோடையில் நடந்தது.