சார் பேசினால் மூடுபனி

1957 மாசி மாதம் கரடிமேடு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசிய பேச்சு வாயிலிருந்து மூடுபனியாக வெளியே வந்தது. சத்தம் துளியும் இல்லை. வாய் அசையும், கை நெஞ்சுக்குப் போகும், உதட்டிலிருந்து வெள்ளையாகப் புறப்பட்டது உத்தரத்தைத் தொட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கும். அந்த வருஷம் மலைப்பூண்டுக்கு நல்ல விலை. அதனால் ஊரார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியர் சேனாதிபதிக்குத்தான் பொறுக்கவில்லை, ஏனென்றால் பனியாகிப் போனதெல்லாம் அவர் எழுதிக் கொடுத்த பேச்சு.

சேனாதிபதி பழனிக்காரர். அடிவாரத்தில் பக்தர்களுக்கு அறை வாடகைக்கு விடும் குடும்பம். நாலு பலகையை ஒன்றாகப் பார்த்துவிட்டால் போதும், மேடை என்று நினைத்து ஏறிவிடுவார். ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்த எழுந்தவர் முகூர்த்தம் தாண்டியும் உட்காரவில்லை. பெண்ணின் பெரியப்பா மேலிடத்தில் செல்வாக்குள்ளவர். அடுத்த மாதமே மலைமேல் இருக்கும் கரடிமேட்டுக்கு மாற்றல் வந்தது. கீழே இறங்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மாசிக் கடைசியில் பள்ளி ஆண்டு விழா. இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி வருவார். சின்னப் பிள்ளைகள் மேடையில் பயமில்லாமல் பேசினால் உருகிப் போகிற மனிதர். உருகினால் அந்தச் சூட்டோடு மாற்றல் கேட்டு, பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் இருக்கலாம்.

மலைக்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தால் பொழுது போய்விடும் என்பதால் அங்கே எல்லாச் சேதியும் காட்டுக்குக் காடு கூப்பிட்டுத்தான் சொல்லப்படும். பன்றி இறங்கியது, பசு ஈன்றது, வீட்டில் உப்பு தீர்ந்தது எல்லாம். பரண்மேல் காவலிருக்கும் ஏழு வயதுப் பிள்ளை ஒரு சொல் விட்டால் எதிர்ச்சரிவில் களையெடுப்பவள் நிமிர்ந்து பதில் சொல்வாள். சேனாதிபதி அதை ஊளை என்றார். வகுப்பில் யாராவது அப்படி வாய் திறந்தால் பிரம்புதான். அவர் சொல்லிக்கொடுத்தது வேறு: தாடையைத் தூக்கு, கூரையைப் பார், "ஆன்றோரே, சான்றோரே, அலைகடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே" என்று தொடங்கு. அந்தப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. திரண்டிருக்கப் போகும் பெருமக்களோ மொத்தமாக ஒரு லாரியில் அடங்குவார்கள்.

ஒத்திகை தொடங்கிய வாரத்திலேயே பனி ஊருக்குள் தங்க ஆரம்பித்தது. முற்றத்தில் காயப்போட்ட பூண்டு ஈரம் கோத்து முளைவிட்டது. முருகம்மாள் முளைத்த பூண்டை மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "சார், ஒங்க பேச்சுல எங்க பூண்டு வீணாப் போகுதுங்க. வேற சோலி எதுவும் சொல்லிக்குடுங்க, இல்லாட்டி மலைக்கு அங்கிட்டுக் கூட்டிப்போய்ப் பேசச் சொல்லுங்க."

சேனாதிபதி மூக்கைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாள் தெரியாமல் போன காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம். பூண்டு தின்கிற வாயில் நல்ல தமிழ் தங்குமா? விழா முடியும்வரை எந்தப் பிள்ளையும் பூண்டு தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வரவழைத்து, பேசும் முன் ஆளுக்கு ஒரு கரண்டி நாக்கில் தடவினார். பனி இன்னும் தடித்தது. கொஞ்சம் வாழைப்பழ வாசமும் வந்தது.

முருகம்மாளின் மகள் கண்மணி மூன்றாம் வகுப்பு. அந்தப் பேச்சில் ஒரு வரிகூட அவளுக்கு மனப்பாடம் ஆகவில்லை. "மக்கு" என்று சேனாதிபதி அவளுக்குப் பெயர் வைத்து, விழாவன்று பூமாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பந்தலின் கடைசியில் நிற்க விட்டார். அந்தப் பெயர் அவளுக்கு வலித்தது.

விழாவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள். பந்தல் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. பிறகு சேனாதிபதியே வரவேற்புரைக்கு எழுந்தார். அவர் வாயிலிருந்து வந்தது பனியல்ல, மேகம். முதல் வரிசை மறைந்தது, கொடிமரம் மறைந்தது, தன் கை தனக்கே தெரியாத நிலையிலும் அவர் நிறுத்தவில்லை. இப்படி ஒரு மறைப்பு கிடைத்தால் காட்டுமாடு சும்மா இருக்குமா? இறங்கி வந்து, பந்தல் காலில் கட்டிய வாழையைத் தின்ன ஆரம்பித்தது. அதற்கு முன்னால்தான் இன்ஸ்பெக்டரின் நாற்காலி. அது மூச்சு விடுவதும் வாழையை மெல்லுவதும் நாற்காலிப் பக்கமிருந்து கண்மணிக்குக் கேட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பரண்மேல் நின்று கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"நாக்காலியில இருக்க ஐயா! எந்திரிச்சு ஓடிறாதீங்க! ஒங்க முதுகுக்குப் பின்னால காட்டுமாடு வாழையத் திங்குது! மெதுவாக் கீழ எறங்கி, என் சத்தம் வர்ற பக்கமாத் தவந்து வாங்க!"

அந்தக் குரல் போன வழியில் பனி இரண்டாகப் பிரிந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து நாற்காலி வரை ஒரு பாதை, வெயில் விழுந்த பாதை. அதில் இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி கோட்டும் தலைப்பாகையுமாகத் தவழ்ந்து வந்து சேர்ந்தார். காட்டுமாடு வாழையை முடித்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது.

"இன்னும் பேசும்மா" என்றார் அவர், மண்ணைத் தட்டிக்கொண்டே.

கண்மணி பேசினாள். "இங்க மூணாப்போட நின்னுபோகுதுங்க. நாலாப்புப் படிக்கக் கொடைக்கானல் போகணும், எங்கம்மா விடாது. அஞ்சு வரைக்கும் இங்கயே வேணுங்க. அம்புட்டுத்தான்."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கியது. "மேடைப் பேச்சு என்றால் இதுவல்லவா! இந்தக் குழந்தையைப் பழக்கியது யார்?"

மேகத்துக்குள்ளிருந்து சேனாதிபதி பாய்ந்து வந்தார். "அடியேன்தான்! எழுத்துக்கு எழுத்து அடியேன் பயிற்சி!"

முருகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பங்குனி உத்திரத்துக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. கரடிமேட்டில் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. இப்படி ஒரு ஆசிரியர் மலைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது என்பதால், சேனாதிபதியை எக்காரணம் கொண்டும் அங்கிருந்து மாற்றக்கூடாது. கண்மணியைப் பழக்கிய முறையிலேயே எல்லாரையும் பழக்க வேண்டும். அந்த முறை என்னவென்று அவருக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் மேற்குக் காட்டில் பாதிப் பேர், எதிர்ச்சரிவில் பாதிப் பேர் என்று நிறுத்தி, கேட்பவனுக்கு வேண்டிய ஒரு சேதியைச் சொல்லச் சொல்லிவிட்டு, அவர் குடைக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். கரடிமேட்டுப் பிள்ளைகள் கொடைக்கானல் போட்டிகளில் வருஷா வருஷம் பரிசு வாங்கினார்கள். கண்மணி ஐந்தாம் வகுப்பு முடித்து, மேலே படித்து, அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தாள். சேனாதிபதி 1969இல் ஓய்வு பெறும்வரை ஒரு பங்குனி உத்திரத்தையும் பழனியில் பார்க்கவில்லை.

ஆனாலும் பேச்சை விடவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் ஊராரே பூண்டுக் காட்டு வரப்பில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். அவர் "ஆன்றோரே" என்பார், பயிர் நனையும். மற்ற நாட்களில் அவர் தொண்டையைச் செருமினாலே எதிர்ச்சரிவிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்: "சார் பேசப் போறாரு, காயப்போட்டதையெல்லாம் வெரசா எடுங்க!" எடுத்து உள்ளே வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.