முன்னால் போன கார்

சோபாக்காரர் காலையில் பல் விளக்குகிறாரோ இல்லையோ, காருக்கு எண்ணெய் ஊற்றிவிடுவார். பானெட்டைத் தூக்கி, அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார். போன வாரம் ஊற்றியது போன இடம் தெரியாது. தரையில் ஒரு சொட்டு ஒழுகிய அடையாளமும் இருக்காது. அத்தனையும் எஞ்சினுக்குள்ளேயே எரிந்து, நீலப் புகையாகிப் பின்பக்கமாகப் போயிருக்கும்.

"குடிகாரனைக் கட்டிக்கிட்டவகூட இப்படி ஊத்திக் குடுக்கமாட்டா" என்று அவர் மனைவி வாசலில் நின்று சொல்வாள்.

சோபாக் கடை வைத்ததிலிருந்து எல்லோருக்கும் அவர் சோபாக்காரர்தான். பிறர் உட்கார மெத்தை போட்டுக் கொடுப்பவருக்குத் தன் மனசுக்குள் மட்டும் முள்ளுதான். அந்த முள்ளுக்கு ஒரு முகம் உண்டு. அது அவருடைய சகலை, மனைவியின் அக்காவைக் கட்டியவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மாஸ்டர் ஒரு பழைய கார் வாங்கினார். அந்த மாதமே சோபாக்காரர் அதே கம்பெனி, அதே வருஷத்துக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று.

இரண்டும் ஒரே வயசுக் கார்கள். ஆனால் மாமியார் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "பெரிய மாப்பிள்ளை வண்டி வந்து நின்னதே தெரியல. சின்ன மாப்பிள்ளை வண்டின்னா தெருமுனையில திரும்பும்போதே தெரிஞ்சுடும், வாடையே சொல்லிடும்." வீடே சிரித்தது. சோபாக்காரரும் சிரித்தார். அன்றைக்குச் சாப்பிட்டது அவருக்குச் செரிக்கவில்லை.

அதைவிடக் கொடுமை, பெற்ற மகளே கட்சி மாறியது. பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அவ்வப்போது இளைப்பு வரும். "உங்க கார்ல உக்காந்தா நெஞ்சு அடைக்குதுப்பா. நான் பெரியப்பாகூடப் போறேனே" என்று ஒரு நாள் கேட்டாள். அதிலிருந்து எங்கே போனாலும் பெரியப்பா கார்தான். தன் பிள்ளை அடுத்தவன் காரின் ஜன்னலிலிருந்து கையாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் சோபாக்காரருக்கு வயிறு பற்றி எரியும்.

இந்த நிலையில்தான் கார் மேடு ஏற மறுத்தது. எவ்வளவு மிதித்தாலும் முக்கியது, முனகியது, நகரவில்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கன்வெர்ட்டர் அடைச்சுப் போச்சு சார்."

காருக்கு அடியில், புகைக்குழாயின் நடுவே இருக்கும் எஃகு டப்பா அது. உள்ளே தேனடை மாதிரி பொடிப்பொடிக் கண்கள். புகையிலிருக்கும் விஷத்தை அங்கேதான் முறித்து வெளியே அனுப்பும். எரிந்த எண்ணெயின் கசடு அப்பி அந்தக் கண்கள் மூடிப்போயிருந்தன. மூக்கடைத்தவன் எப்படி மேடு ஏறுவான்?

"அதைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடுங்க."

"மாட்டலாம். ஆனா எஞ்சின் எண்ணெய் குடிக்கிற வரைக்கும் புதுசுக்கும் இதே கதிதான். முதல்ல எஞ்சினை இறக்கி ரிங்கு, சீலு எல்லாம் மாத்தி எண்ணெய் எரியுறதை நிறுத்தணும். அப்புறம்தான் கன்வெர்ட்டர். மூணு வாரம் ஆகும். உங்க சகலைகூட அப்படித்தான் செஞ்சாரு."

அந்தக் கடைசி வார்த்தையை மெக்கானிக் சொல்லாமல் இருந்திருக்கலாம். போன வருஷம் மாஸ்டர் கொஞ்ச காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது சோபாக்காரருக்கு ஞாபகம் வந்தது. காரை விற்றுவிட்டான் போலிருக்கிறது என்று அப்போது உள்ளுக்குள் பாயசம் சாப்பிட்டவர் அவர். அது இதற்குத்தானா!

மூன்று வாரம் முடியவே முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். மலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. கார் இல்லாவிட்டால் சகலையின் பின்சீட்டில் போய் இறங்க வேண்டும். அதற்கு நடந்தே போகலாம் என்று நினைத்தார்.

தேடினால் ஆள் கிடைக்காமலா போவான்? சைலன்சர் ஒட்டும் வெல்டிங்காரர் ஒருவர் வழி சொன்னார். "உள்ள இருக்கிற அடையை இடிச்சுக் கொட்டிட்டு டப்பாவை மட்டும் பழையபடி ஒட்டிடுறேன் சார். வெளிய பாத்தா அச்சு அசல் அப்படியே இருக்கும். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

"புகைச் சோதனையில மாட்டிக்குமே?"

"சோதனை பண்றவரும் மனுஷன்தானே சார்? பாத்து கவனிச்சா அவரு பாக்காம இருப்பாரு."

சோபாக்காரர் கவனித்தார். அவரும் பார்க்கவில்லை. புகை சுத்தம் என்று சான்றிதழ் கைக்கு வந்தது. எதிரிக்குச் சகுனத்தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை நமக்குத் தெரியும். சோபாக்காரருக்கும் தெரியும். ஆனால் தன் மூக்கு என்று வரும்போது யாருக்கும் அந்தக் கதை ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களும் ஒன்றாகக் கிளம்பின. மாஸ்டர் சொன்னார்: "சகலை, நம்ம வண்டியில ஏசி ஓடாது. எஞ்சின் செலவோட அதை அப்படியே விட்டுட்டேன். பாப்பா உங்க கார்லயே வரட்டுமே, வெயில் கொளுத்துது."

மகள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுப் பெரியப்பா காரிலேயே ஏறிக்கொண்டாள். வேகட்டும், அப்போதுதான் அப்பன் அருமை தெரியும் என்று சோபாக்காரர் தன் காரின் ஏசியைக் கூட்டி வைத்தார்.

மலைப்பாதையில் கார் பறந்தது. முதல் வளைவிலேயே மாஸ்டரை முந்தினார். அந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கல்யாணத்தன்று மாமனார் வீட்டில் மாலை போட்டு வரவேற்றார்களே, அன்றைக்குக்கூட அவர் இப்படிப் பூரிக்கவில்லை. "மெதுவாப் போங்களேன்" என்றாள் மனைவி. "அவரு மெதுவா வரட்டும்" என்றார்.

உச்சியில் ஒரு சுரங்கப்பாதை. உள்ளே நுழைந்ததும் முன்னால் ஏதோ லாரி மக்கர் பண்ணி, எல்லா வண்டிகளும் நின்றன. சோபாக்காரரின் கார் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. உள்ளே ஜிலுஜிலுவென்று ஏசி. சரியாகப் பின்னால் மாஸ்டர் கார், நாலு ஜன்னலும் திறந்தபடி.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது.

"அக்கா வீட்டுக்காரர் எதுக்கோ கூப்பிடுறார், இறங்கிப் பாருங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நான் முந்திட்டேன்ல, எரியுது" என்றார் சோபாக்காரர். கண்ணாடியில் பின்கார் மங்கலாகத் தெரிந்தது. சுரங்கம் என்றால் மங்கலாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். பாதை திறந்ததும் ஒரே மிதி. வெளியே வந்து பார்த்தால் பின்னால் மாஸ்டரைக் காணவே காணோம்.

மாமனார் வீட்டு வாசலில் முதல் ஆளாய் இறங்கினார். "சின்ன மாப்பிள்ளைதான் முதல்ல!" என்றார் மாமியார். அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை நாள் ஏங்கியவர், அதைக் காது குளிரக் கேட்டார். அப்போது மனைவியின் போன் அடித்தது. அக்காதான் பேசினாள். கேட்டுக்கொண்டே நின்றவள் முகம் வெளுத்துப்போனது.

சுரங்கத்தைத் தாண்டியதும் பாதையோரம் ஒரு சின்ன மருத்துவமனை. மகள் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் மாட்டிப் படுத்திருந்தாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மாஸ்டர் சட்டையெல்லாம் நனைந்து அவள் கால்மாட்டில் நின்றிருந்தார்.

டாக்டரம்மா மாஸ்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இவ்வளவு புகை எங்கேருந்து வந்தது? இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருந்திருந்தா எங்க கையில இல்ல."

"முன்னாடி ஏதோ ஒரு வண்டிங்க" என்றார் மாஸ்டர். வாசலில் சோபாக்காரர் வந்து நிற்பதைப் பார்த்த பிறகும் அதையேதான் சொன்னார்.

வேறொரு நாளாயிருந்தால் அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் சோபாக்காரருக்கு வயிறு எரிந்திருக்கும். அன்றைக்கு எரிவதற்கு உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை.

"ஏதோ ஒரு வண்டி இல்லீங்க. என் வண்டிதான்" என்றார்.

அப்பாவின் குரல் கேட்டு மகள் கண் திறந்தாள். மாஸ்க்கை விலக்கி, மெல்லக் கேட்டாள்: "பெரியப்பா அத்தனை தடவை ஹாரன் அடிச்சாரே. உங்களுக்குக் கேக்கவே இல்லையாப்பா?"

கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று ஒரு தகப்பன் பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வான்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டில் ஓரத்திலேயே சரிந்து உட்கார்ந்து அழுதார்.

மகள் தேறினாள். மறுநாளே கார் மெக்கானிக்கிடம் போனது. "ரிங்கு, சீலு எல்லாத்தையும் மாத்துங்க. எண்ணெய் எரியுறது நின்ன பிறகு நல்ல கன்வெர்ட்டராப் போடுங்க. எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும்" என்றார் சோபாக்காரர். சோதனைச் சான்றிதழை அவரே கிழித்துப் போட்டார்.

அந்த மூன்று வாரமும் மாஸ்டர்தான் போகிற வழியில் அவரைக் கடையில் இறக்கிவிட்டார். எந்தப் பின்சீட்டுக்குப் பயந்தாரோ அதே பின்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஒரு நாள் சிக்னலில் கார் நின்றது. முன்னால் ஒரு பளபளப்பான பழைய கார், குப்பென்று நீலப் புகை. மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். சோபாக்காரர் கதவைத் திறந்து இறங்கினார்.

"சகலை, வேணாம், சண்டை எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

அவர் போய் முன்காரின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளிருந்தவர் கண்ணாடியை இறக்கினார். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது.

"உங்க வண்டி ரொம்பப் புகை விடுதுங்க."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"தெரியாதுங்க. தன் முதுகு தனக்குத் தெரியாது. எனக்கும் இப்படித்தான் தெரியல. நாம விடுற புகையை நாம குடிக்கிறதில்ல, பின்னால வர்றவங்கதான் குடிக்கிறாங்க. யாரோதானே வர்றாங்கன்னு நானும் நெனச்சேன். வந்தது என் பொண்ணுங்க."