பாவா நடத்திய பள்ளிக்கூடம்

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என் படிப்பை நிறுத்தினார் பாவா. மகளின் படிப்பை நிறுத்தினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதனால் வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆம்பூரில் தோல் கிடங்கு வைத்திருக்கும் நயீம் அகமது தன் மகளுக்குத் தானே பாடம் சொல்லித் தருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் பாதியை அவரே பேசினார்.

"ஆறாங் கிளாஸ் இங்கிலீஷ் புத்தகத்தை வீட்ல முடி சைரா. அப்பறம் ஏழாங் கிளாஸுக்குத் திரை போட்ட வண்டியில ஸ்கூலுக்கு அனுப்பறேன்" என்றார்.

அந்த வாக்கை நம்பித்தான் உட்கார்ந்தேன். பள்ளிக்குப் போக எனக்கு அவ்வளவு ஆசை. அதற்காகக் கிடங்கு நாற்றத்தோடு வரும் பாவா வாத்தியாரையும் பொறுத்துக்கொண்டேன்.

வாத்தியாருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. வாத்தியார் வேலைக்கு அது இடைஞ்சலாகவே இல்லை.

"நீ படி. அர்த்தம் சொல்லு. சரியான்னு நான் பாக்கறேன்."

சொன்னேன்.

"இன்னா? மறுபடி சொல்லு. இது எந்த எழுத்து? உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்."

எல்லாம் எனக்கு வைத்த சோதனைதானாம். சோதிக்கச் சோதிக்க அவர் உதடும் என்னோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது.

"கொழந்தையை ஏன் பேஜார் பண்றீங்க?" என்று அம்மா கேட்டால், "கேள்வி கேட்டாத்தான் புத்தி வரும்" என்பார். யாருக்கு என்று சொல்லமாட்டார்.

ரம்ஜானுக்குள் புத்தகம் முடிந்தது. அந்த வாரமே மதராஸிலிருந்து வந்த இங்கிலீஷ் தந்தியை, வழக்கமாகப் படித்துச் சொல்லும் கிடங்குக் குமாஸ்தாவிடம் கொடுக்காமல் பாவாவே எழுத்துக் கூட்டிப் படித்தார். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் படித்துக் காட்டினார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வண்டி எப்போ பாவா?" என்றேன்.

"ஸ்கூலு எதுக்கு? வீட்லயே இவ்ளோ ஜோரா நடக்குதே!" என்று ஏழாம் வகுப்புப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். "ஆரம்பி."

எனக்கு அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது. பார்த்த மாத்திரத்தில் முதல் பாடம் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இது எனக்குத் தெரியல பாவா. வாத்தியார் நீங்கதானே, சொல்லிக் குடுங்க."

பாவா முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார். அம்மா முக்காட்டை இழுத்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழமை வண்டி வரும்" என்றார் கடைசியில். "ஆனா அங்க நடத்துறதை எல்லாம் சாயங்காலம் ஒரு வரி விடாம எங்கிட்ட வந்து சொல்லணும். வாத்தியார் இன்னும் நான்தான்."