மூடிமேல் ஓர் ஆணி

முட்டை வைக்குமுன், குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரை ஒருநாள் வெறுமனே ஓடவிட்டு, சூடு சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் திறந்தால் உள்ளே கரித்துண்டும் இரும்பு ஆணியும் கிடக்கின்றன.

“நாந்தான் வச்சேன்,” என்றார் என் வீட்டுக்காரர் ராசு. “அடை வைக்கிறப்ப போடுறதுதானே? இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகும்ல.”

“அது கோழிக்குங்க. இது மெஷினு!” என்று கத்தி, இரண்டையும் வாசலில் வீசிவிட்டு முட்டைகளை அடுக்கி மூடினேன்.

சாயங்காலம் குடுமியான்மலைப் பக்கம் இடி உருண்டது. திறந்தால் சூடு இறங்கிவிடும். வாசலில் தேடி ஆணியை எடுத்துவந்து மூடிமேல் வைத்தேன். கரி கிடைக்கவில்லை.

அவர் பார்த்தார். அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு கொண்டுவந்து ஆணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.