ஆறு பம்ப்

அடுத்தவன் எழுதிய வேலை அனுபவத்தை அரியரட்ணம் ஒருநாளும் நம்பியதில்லை.

சிவில் எஞ்சினியருக்கான பி.இ. லைசென்ஸ் வேண்டுமென்றால் நான்கு வருட அனுபவம் காட்டவேண்டும். அந்த வேலையை நேரில் அறிந்த லைசென்ஸ்காரர் படிவத்தை நிரப்பி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். சட்டம் அது. பிரிட்ஜ்வாட்டர் கோயில் வட்டாரத்தில் வழக்கம் வேறு. கேட்கிறவனே எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வருவான். லைசென்ஸ் வைத்திருக்கும் அங்கிள் பிரசாதத் தொன்னையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அரியரட்ணம் அந்த ரகம் இல்லை. தேதிகளைக் கூட்டிப் பார்ப்பார், பழைய கம்பெனிக்குப் போன் போடுவார். ஒருவன் கான்கிரீட் போட்டதாக எழுதிய நாள் ஞாயிற்றுக்கிழமை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். அதற்குப் பிறகு அவரிடம் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

1997 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் நஞ்சுண்டன் வந்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரன். ஆபீசில் அவருக்குக் கீழேதான் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். வேலை சுத்தம், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தின் மேல். டெக்சாஸில் ரிச்சர்ட்சன் பக்கம் இருந்தானாம்.

மனைவி பத்மராணி டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனாள். அரியரட்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்றாவது பக்கத்தில் சிரிப்பு வந்தது. நாற்பது அடிப் பள்ளம். பதினோரு அடியில் நிலத்தடி நீர். இறைக்க ஆறு பம்ப், நான்கு மாதம், முழுப் பொறுப்பு. நாற்பது அடிக்கு இரண்டு பம்ப் போதும். ஆறு வைத்தவன் பள்ளத்தைக் கண்ணாலும் பார்த்திருக்கமாட்டான்.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வரியை எழுதியவர் அவர்தான்.

1991இல் அவருக்கும் நான்கு மாதம் குறைந்தது. வேலை போய், எடிசனில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்ற மாதங்கள் அவை. பம்ப் என்றால் அவருக்கு அப்போது அதுதான். அந்த இடத்தை நிரப்பத் தாளில் ஒரு பள்ளத்தைத் தோண்டினார். ஆறு என்பது கனமான எண்ணாகத் தோன்றியது. லைசென்ஸ் கிடைத்த பிறகு கோயிலில் சுவாமிநாதன் என்பவர் ஒரு சேம்பிள் கேட்டார். அரியரட்ணம் தன் படிவத்தின் ஜெராக்ஸில் பெயரை வைட்னரால் அழித்துவிட்டுக் கொடுத்தார்.

இவனுக்குத் தெரியுமா? நஞ்சுண்டன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பள்ளம் எங்க தம்பி?"

"டல்லாஸ்ல இருந்து அர மணி நேரம் டிரைவ்ங்க அங்கிள்."

"என்ன மண்?"

"களிமண்ணுங்க."

"களிமண்ணில ஆறு பம்ப் வைக்கிறதுக்குத் தண்ணி எங்கால வந்தது?"

பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது. நஞ்சுண்டன் அதையே பார்த்தான்.

"அந்த நாலு மாசம் பெஞ்ச்ல இருந்தேனுங்க. ப்ராஜெக்ட் இல்ல. ஒரே அபார்ட்மெண்ட்ல ஒம்பது பேரு. சுவாமிநாதன் அங்கிள் ஒரு சேம்பிள் குடுத்தாருங்க. எல்லாரும் அதப் பாத்துத்தான் ஃபில் பண்றாங்க."

"எல்லாரும் எண்டால்?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு பேருங்க. மயில்சாமி அண்ணன் எட்டு பம்ப்னு போட்டாருங்க."

"அவருக்கு லைசென்ஸ் குடுத்திட்டினமோ?"

"டிரெண்டன்ல சொந்தமா ஆபீஸ் வெச்சிருக்காருங்க."

அரியரட்ணம் படிவத்தை மேசையில் தள்ளினார். "இதில நான் சைன் வைக்கமாட்டன். இந்த நாலு மாசத்தை வெட்டிப்போட்டு அடுத்த எக்ஸாமுக்கு அப்ளை பண்ணும்."

"அதுக்குள்ள எச்-ஒன் விசா முடிஞ்சிருங்க. லைசென்ஸ் வந்தாத்தான் கிரீன் கார்டு ஃபைல் பண்ணுவோம்னு ஆபீஸ்ல சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"அதுக்கு நான் பொய் சொல்லுறதோ?"

அடுக்களையிலிருந்து பத்மராணியின் குரல் வந்தது. "அந்தப் பெடியனைப் போட்டு வதைக்காதேங்கோ. எல்லாரும் சைன் போட்டுக் குடுக்கினம்தானே."

"நீர் சும்மா இரும்."

நஞ்சுண்டன் காகிதங்களை அடுக்கினான். கெஞ்சவில்லை. அதுவே அரியரட்ணத்துக்குப் பிடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டும்போதுதான் பேசினான்.

"அங்கிள், அந்த சேம்பிள்ல பேர வைட்னர் போட்டு அழிச்சிருக்குங்க. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா கீழ இருக்கற பேரு தெரியும்னு என் வொய்ஃப் கலாவதி சொல்றா. நான் இன்னும் புடிச்சுப் பாக்கலீங்க."

மிரட்டுகிறானா, சும்மா சொல்கிறானா? முகத்தைப் பார்த்தால் தெரியும். நஞ்சுண்டன் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான். உச்சந்தலைதான் தெரிந்தது. ஒரு கயிற்றைக் கட்ட இவ்வளவு நேரமா?

"அந்தப் பேப்பர் இப்ப எங்க?"

"கார்லதானுங்க."

"எடுத்துக்கொண்டு வாரும். ஃபார்மை இங்க வைச்சிட்டுப் போம்."

அவன் போய் வருவதற்குள் அரியரட்ணம் எல்லாக் கட்டங்களிலும் 'ஆம்' போட்டார். இந்த வேலையை நேரில் அறிவீர்களா என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. அங்கும் 'ஆம்'. உறையை ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, அதன் மேல் டேப்பும் ஒட்டினார்.

நஞ்சுண்டன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சேம்பிளை ஷூ அலமாரியின் மேல் வைத்தான்.

"எனக்கு இனி வேண்டாமுங்க. வேற யாராச்சும் கேட்டா நீங்களே குடுத்துருங்க அங்கிள்."

கதவு சாத்தியதும் அரியரட்ணம் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெளியே பனி வெயிலில் கண் கூசியது. பெயர் இருந்த இடத்தில் வைட்னர் இல்லை. வைட்னரின் மங்கலான ஓரம் மட்டும் அச்சாகி இருந்தது. உள்ளே வெறும் தாள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், ஐந்தாவதோ ஆறாவதோ. மூலையில் ஸ்டேப்ளர் பின்கூட நிழலாகத்தான் விழுந்திருந்தது. எவன் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அதில் ஒரு பெயரும் தெரிந்திருக்காது.

ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை என்று அவன் ஏன் சொன்னான்? அந்தப் பேப்பர் எங்கே என்று கேட்டுக் காட்டிக்கொடுத்தவர் அவரேதான்.

டிரைவ்வேயில் கார் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப் போய் நிறுத்தலாம். அவர் காலில் சாக்ஸ் மட்டும்தான் இருந்தது.

"சைன் போட்டுக் குடுத்திட்டீங்களோ?" என்றாள் பத்மராணி.

"ஓம்."

"பிறகென்ன, பிடிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

 கார் திருப்பத்தில் மறைந்தது.