புளி போட்டுத் தேய்த்த கார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மோட்டார் பத்திரிகை ஒன்று, பெயிண்ட் கெடாமல் கார் கழுவுவது எப்படி என்று கட்டுரை கேட்டது. என்னிடம் கார் கிடையாது. என் சைக்கிளையே மழைதான் கழுவுகிறது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

"வண்டியை நிழலில் நிறுத்துங்கள். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள். பிறகு பழைய பனியன் துணியில் சோப்பு நுரை தொட்டு, மேலிருந்து கீழாக..."

இந்த இடத்தில், கையில் தேங்காய் நாருடன் ஒரு பெண் வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

2

[முதல் ஆரம்பம்: "வானம் கருமேகங்களால்..." அடித்துவிட்டேன். கார் கழுவும் கதையில் மழை பெய்தால் கதைக்கு என்ன வேலை?]

அவள் பெயர் ரத்தினபாய், கணக்கு டீச்சர். இடம் மேற்குத் தாம்பரம், வருஷம் 1968. சனிக்கிழமைதோறும் கோயிலின் பித்தளைச் சிலுவையையும் மெழுகுவத்தித் தண்டுகளையும் பெண்கள் கூடி, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்குவார்கள். அதற்கு இவள்தான் தலைவி. இவள் துலக்கிய சிலுவையில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஒரு சனிக்கிழமை, வெளியே வேப்பமரத்தடியில், இவள் கட்டிக்கொள்ளப்போகும் தேவானந்தத்தின் கறுப்புக் கார் நின்றது. அவர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். செகண்ட் ஹேண்டில் வாங்கி, புதுப் பெயிண்ட் அடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. முடிச்சூர் ரோட்டு மண் வண்டி முழுக்க அப்பியிருந்தது. கோயில் பாதிரியாரான ஐயரைப் பார்க்க அவர் உள்ளே போயிருந்தார்.

"கல்யாண வண்டி இப்பிடியா இருக்கிறது?" என்று ரத்தினபாய் மிச்சப் புளியை எடுத்தாள்.

3

வாசகரே, நான் கத்தினேன். "அம்மா, அது பித்தளை இல்லை, பெயிண்ட்!" எழுதுகிறவன் சத்தம் பாத்திரத்துக்கு எங்கே கேட்கிறது? பானெட்டில் மண், அதன் மேல் செங்கல் பொடி, அதன் மேல் நார், எல்லாவற்றுக்கும் மேல் அவளுடைய அன்பு. எந்தப் பெயிண்ட் தாங்கும்?

"அக்கா, வெள்ளை வெள்ளையா கோடு கீது பாருங்க. இன்னும் அழுத்தித் தேய்ங்க!" என்றாள் கூடத் துலக்க வந்த செல்வமேரி.

தேவானந்தம் வெளியே வந்தார். என்ன சொல்வார்? "அடிப் பாவி..." [வேண்டாம், படித்தவர்.] "ரொம்ப நன்றி, ரத்தினா..." [பச்சைப் பொய்.] கடைசியில் அவரே பேசினார்.

"நிறுத்து ரத்தினா."

"ஏன், இன்னும் பளபளப்பு வரலியா?"

அவர் வண்டியில் ஏறினார், போய்விட்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பாவம், ஆசையாகத்தானே தேய்த்தாள்.

4

மறுநாள் மூன்றாவது ஓலை. (கோயில் பழக்கம் தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஐயர் மணமக்கள் பெயரை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பார். முதல் இரண்டு வாரமும் யாரோ இருமியதோடு சரி.)

முடிவு அ: பானெட்டின் மறுபாதியையும் தேவானந்தமே புளி போட்டுத் தேய்த்துச் சமமாக்குகிறார். [எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.]

முடிவு ஆ: பெயிண்டர் வந்து... [கல்யாணத்தைப் பெயிண்டரா நடத்திவைப்பார்?]

ஆகவே ஐயர் வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள்..."

ஆண்கள் பக்கத்தில் தேவானந்தம் எழுந்தார். அடுத்த வரி எனக்கு ஓடுவதற்குள் பெண்கள் பக்கத்தில் ரத்தினபாயும் எழுந்துவிட்டாள். கல்யாணத்தை நிறுத்தவா, மன்னிப்புக் கேட்கவா? இருவருமே என்னிடம் சொல்லவில்லை. ஐயர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள், இருவரும் வாயைத் திறந்துவிட்டார்கள். யாரை முதலில் பேசவிடலாம்?